ஒரு சணலும் கால்குலேட்டரும் போதும்: எடைக் குறிப்புகள்

எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். நம் உயரத்துக்கு எத்தனை கிலோ இருந்தால் சரி என்று கேட்டால் மட்டும் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் எடை கூடியவர்கள். 2015-16ல் எடுத்தபோது பெண்களில் 31, ஆண்களில் 28 பேர்தான் அப்படி இருந்தார்கள். புதுக்கோட்டையானாலும் பொன்னமராவதியானாலும் சொந்தபந்தத்தில் சர்க்கரை, பிரஷர் இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. அதனால், காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த எளிய வழிகளை எழுதியிருக்கிறேன். எல்லாமே பெரியவர்களுக்கான கணக்கு.

உயரத்தைச் சரியாக எடுங்கள்

1. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நேராக நில்லுங்கள். தலையைத் தூக்காமல் எதிரே பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கெட்டி அட்டை நோட்டு ஒன்றைச் சுவரோடு ஒட்டித் தலைமேல் படுக்க வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போடச் சொன்னால் உயரம் பிசகாது.

2. கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் எடுப்பது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்தபின் சாயங்காலம் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்து காட்டும்.

3. தையல் பெட்டியில் பழைய துணி டேப் கிடக்கிறதா? நாள்பட்டால் அது இழுபட்டுவிடும். பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அளங்கள்.

4. உயரம் அடியில்தான் தெரியும் என்றால் 5 அடிக்கு 152.4 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, மேலே ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டரை சேர்த்தால் போதும். 5 அடி 2 அங்குலம் என்றால் 157 செ.மீ.யைத் தாண்டி வரும்.

5. கூன் விழுந்த அப்பத்தாவைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் படுத்த வேண்டாம். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மறு கை நடுவிரல் நுனி வரை அளந்தால், அவர் இளமையில் எவ்வளவு உயரம் இருந்தார் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். இரண்டு கையும் நீட்ட முடியாதவருக்கு, தொண்டைக்குழியின் நடுவிலிருந்து ஒரு கை நடுவிரல் நுனி வரை எடுத்து இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

தராசு பேசுவது உண்மைதானா?

6. எடைக் கருவியைப் பாய் மேலோ ஜமுக்காளத்தின் மேலோ வைத்தால் தப்பாகக் காட்டும். சிமென்ட் தரை, கடப்பைக் கல், டைல்ஸ் என்று கெட்டியான சமதளத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

7. காலையில் காலைக்கடன் முடித்து, காபி குடிக்கும் முன் ஏறி நின்று பார்ப்பதுதான் உள்ளபடியான எடை. சாப்பிட்டுவிட்டுப் பட்டுச்சேலையோடு ஏறினால் ஒன்றிரண்டு கிலோ கூடத்தான் காட்டும்.

8. கருவி சரியா என்று பார்க்கத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெறும் குடத்தைக் கையில் பிடித்தபடி ஏறி நின்று எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு லிட்டர் பாட்டிலால் 10 லிட்டர் அளந்து ஊற்றி மறுபடி ஏறுங்கள். வித்தியாசம் 10 கிலோ வந்தால் கருவியை நம்பலாம்.

9. கருவி தேறிவிட்டால் அதையே இன்னொரு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். புது கேஸ் சிலிண்டர் வந்ததும் அதன் மேல் தூக்கி வையுங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் வெற்று எடையோடு 14.2 கிலோவைக் கூட்டினால் என்ன வருகிறதோ, அதைக் காட்ட வேண்டும்.

10. கருவி இல்லாதவர்கள் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் எடை பார்க்கக் காசு கிடையாது. பக்கத்துக் கடலை மண்டியிலோ பழைய பேப்பர் கடையிலோ தெரிந்தவர் இருந்தால் அங்கேயும் ஏறிப் பார்க்கலாம். எங்கே பார்த்தாலும் அடுத்த முறையும் அதே தராசில் பாருங்கள்.

11. நிற்க முடியாத பெரியவரை மண்டியின் மேடைத் தராசில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து எடை எடுக்கலாம். நாற்காலியின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

12. தினமும் ஏறிப் பார்ப்பது மனக்கஷ்டம்தான். வாரத்தில் ஒரு நாள் போதும். பால் கணக்கும் கேஸ் புக் பண்ணிய தேதியும் எழுதுகிற மாதக் காலண்டரிலேயே எடையையும் குறித்துவிட்டால் தனி நோட்டு வேண்டாம், தொலையவும் செய்யாது.

13. கல்யாண வீட்டில் சாப்பிட்ட மறுநாள் எடை ஒரு கிலோ கூடியிருந்தால் பதற வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு கூடும்போது உடம்பில் தண்ணீர் தங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு வருவதற்கு முந்தைய நாட்களிலும் இப்படித்தான். ஒரு மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது விளங்கும்.

கணக்குப் போடுவது இப்படி

14. பி.எம்.ஐ. என்கிற உடல் எடைக் குறியீட்டுக்குப் பெரிய கணக்கு தேவையில்லை. செல்போன் கால்குலேட்டரில் எடையை அடித்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் முடிந்தது. 58 கிலோ எடை, 155 செ.மீ. உயரம் என்றால் 58-ஐ 1.55ஆல் வகுத்து, வருவதை மறுபடி 1.55ஆல் வகுங்கள். 24.1 வரும்.

15. வந்த எண் 18.5க்கும் 22.9க்கும் நடுவில் இருந்தால் நம்மவர்களுக்குச் சரியான எடை. 23 தொட்டால் எடை கூடுகிறது என்று அர்த்தம், 25 தொட்டால் உடல் பருமன். பல இடங்களில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 24.9 வரை சரி என்று போட்டிருக்கும். அது உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்தது. நமக்கு அந்த அளவுக்கு முன்பே சர்க்கரையும் இதயக் கோளாறும் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் கூடிப் பேசி 2009ல் இந்தக் குறைந்த அளவை வெளியிட்டார்கள். மேலே சொன்ன 24.1 காரரிடம் பொது அட்டவணை "நீங்கள் நல்லாத்தான் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிடும். நம் கணக்கில் அவர் கொஞ்சம் குறைக்க வேண்டியவர்.

16. கால்குலேட்டரே வேண்டாம் என்பவர்கள் இதை ஒரு அட்டையில் எழுதிச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.
4 அடி 10 அங்குலம்: 40 முதல் 49 கிலோ
5 அடி: 43 முதல் 53 கிலோ
5 அடி 2 அங்குலம்: 46 முதல் 56 கிலோ
5 அடி 4 அங்குலம்: 49 முதல் 60 கிலோ
5 அடி 6 அங்குலம்: 52 முதல் 64 கிலோ
5 அடி 8 அங்குலம்: 55 முதல் 68 கிலோ
5 அடி 10 அங்குலம்: 59 முதல் 72 கிலோ

17. அட்டையும் கையில் இல்லையா? 5 அடிக்கு 43 முதல் 53 என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மேலே கூடும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கீழ் எண்ணில் ஒன்றரையும் மேல் எண்ணில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகவும் சேர்த்தால் அதே அட்டவணை வந்துவிடும்.

18. "உயரத்தில் நூறைக் கழி" என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குவது. 155 செ.மீ. வரை உயரமுள்ளவருக்கு அதையே மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். உயரம் கூடக் கூட அது தாராளமாகக் காட்டும். 165 செ.மீ. என்றால் இரண்டு மூன்று கிலோவும், 175 என்றால் ஐந்து கிலோவும் இன்னும் கழித்துக்கொள்ளுங்கள்.

19. எல்லைக்குள் எந்த இடத்தில் இருப்பது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் மாதிரி ஆணுக்கு 177 செ.மீ. உயரம், 65 கிலோ என்றும் மாதிரிப் பெண்ணுக்கு 162 செ.மீ., 55 கிலோ என்றும் வைத்தது. கணக்குப் போட்டால் இரண்டுமே 21ஐ ஒட்டி வரும். மீட்டரில் உள்ள உங்கள் உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி 21ஆல் பெருக்கினால் உங்கள் நடு எடை. 155 செ.மீ.க்கு அது 50 கிலோ.

20. பி.எம்.ஐ. ஒரு புள்ளி இறங்க எத்தனை கிலோ குறைய வேண்டும்? சராசரி உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ, ஆணுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. "இருபது கிலோ குறைக்கணும்" என்று மலைத்து நிற்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நிஜத்தில் குறைக்க வேண்டியது நாலைந்து கிலோதான் என்று பல சமயம் தெரியவரும்.

தராசை விட இடுப்பு முக்கியம்

21. எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்பவர்கள் நம் ஊரில் ஏராளம். பி.எம்.ஐ. கணக்கைப் பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் கெட்டலே 1830களில் போட்டது, பெருங்கூட்டமான மக்களை அளந்து பார்க்கத்தான். ஒருவர் உடம்பில் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது இடுப்புச் சுற்றளவு.

22. டேப்பே இல்லாமல் பார்க்க ஒரு வழி, எல்லா வீட்டுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒரு சணல் நறுக்கி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. எட்டாவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது. இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பும் 2022ல் மக்களுக்குச் சொன்னது.

23. சணலானாலும் டேப்பானாலும் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளக்க வேண்டும். அழுந்தாமல் படிந்தாற்போல் இருக்கட்டும். சேலைக் கொசுவத்துக்கு மேல் அளந்தால் இரண்டு மூன்று அங்குலம் ஏமாந்துபோவீர்கள்.

24. டேப் வைத்திருப்பவர்களுக்கு எண்: பெண்களுக்கு 80 செ.மீ. (முப்பத்தொன்றரை அங்குலம்), ஆண்களுக்கு 90 செ.மீ. (முப்பத்தைந்தரை அங்குலம்). அதற்கு மேல் போனால் எடை எதுவாக இருந்தாலும் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

25. ஆண்களுக்கு அரைஞாண் கயிறே அளவு டேப். புதுக் கயிறு கட்டும்போது அதனுள் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்து வையுங்கள். நாலு விரல் நுழைந்த இடத்தில் ஆறு மாதத்தில் இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால், தராசுக்கு முன்பே கயிறு சொல்லிவிட்டது. இறுக்கமாகிவிட்டதென்று முடிச்சைத் தளர்த்திக் கட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்த நேரத்தில் வயிற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

26. நமக்கு உள்பாவாடை நாடா இருக்கிறது. வழக்கமாக முடிச்சுப் போடும் இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள். முடிச்சு நுனிப்பக்கம் நகர்ந்தால் இடுப்பு பெருக்கிறது, உள்பக்கம் நகர்ந்தால் குறைகிறது. வழக்கமான சேலையில் கொசுவம் ஒன்று குறைந்தாலும் இடுப்பு பெருத்த செய்திதான்.

27. பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். தொந்தி விழுந்தவர்கள் தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வதால் வயிறு எத்தனை பெருத்தாலும் "எனக்கு இன்னும் 34தான்" என்பார்கள். கைலி கட்டினால் அந்தக் கணக்கும் போய்விடும்.

28. இது எவ்வளவு நிஜம் என்பதற்குப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் கதை போதும். அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். மெலிந்து தெரியும் இந்திய உடம்புக்குள் இவ்வளவு கொழுப்பு இருக்க முடியும் என்று மருத்துவ உலகமே அந்தப் படத்தில் கண்டது. "நான் ஒல்லிதானே" என்று சொல்பவர்களையும் சணல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

29. இதற்கு நேர் மாறானவர்களும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் உண்டு. கல் குவாரியில் கல்லுடைப்பவர், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்தில் வலை இழுப்பவர், மூட்டை தூக்குபவர் ஆகியோருக்குத் தசை எடையே பி.எம்.ஐ.யை 24, 25க்குக் கொண்டுபோகும். இடுப்பு அளவுக்குள் இருந்தால் அவர்கள் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடல் பருமன் என்று முடிவு கட்டக் கூடாது, இடுப்பையும் அளக்க வேண்டும் என்று 2025ல் உலக வல்லுநர் குழு ஒன்றும் சொல்லிவிட்டது.

இவர்களுக்குக் கணக்கு வேறு

30. கர்ப்பிணிகள் மேலே உள்ள அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம். கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவர் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ கூடுவதுதான் நல்லது. கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையில் குறித்துத் தரும் எடையைப் பத்திரமாக வையுங்கள். ஊட்டச்சத்துப் பெட்டகமும் பணமும் தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நம் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளத் தாமதிக்காதீர்கள்.

31. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களை எடை குறை என்று விரட்ட வேண்டாம். அந்த வயதில் எடையோடு தசையும் போய்விடும், கீழே விழுந்தால் எழுந்திருக்கச் சிரமம். ஜப்பானில் பழக்கத்தில் உள்ள ஒரு விரல் சோதனை இதற்கு உதவும். அவரை உட்கார வைத்து, அவருடைய இரண்டு கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களாலும் கெண்டைக்காலின் பருத்த இடத்தை வளையம்போல் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் சேராவிட்டால் தசை நன்றாக இருக்கிறது. சேர்ந்தும் இடைவெளி இருந்தால் தசை கரைகிறது. பருப்பு, முட்டை, மீன், பால் கூட்டிக் கொடுங்கள்.

32. முயற்சி இல்லாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் காரணமில்லாமல் மூன்று கிலோ இறங்கியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சேர்ந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.

33. மெலிவும் ஆபத்துதான். தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளி வந்ததும் முதலில் பார்க்கும் விஷயங்களில் பி.எம்.ஐ.யும் ஒன்று. மிகவும் மெலிந்தவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். வீட்டில் யாருக்காவது 18.5க்குக் கீழே இருந்தால் "கட்டான உடம்பு" என்று விட்டுவிடாமல் ரத்தசோகையையும் சேர்த்துப் பாருங்கள்.

34. இரண்டே நாளில் இரண்டு கிலோ கூடி, காலும் வீங்கியிருந்தால் அது கொழுப்பு இல்லை, நீர். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

35. பிள்ளைகளுக்கு இந்த எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக உண்டு, அங்கன்வாடியில் கேட்டால் காட்டுவார்கள்.

ஏறாமல் பிடித்து வைக்க

36. முதல் குறி பெரிதாக வேண்டாம். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்க ஆரம்பிக்கும். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை கிலோ. வாரத்துக்கு அரை கிலோ என்று வைத்தால் இரண்டு மாதத்துக்குள் முடியும்.

37. ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். மாதத்துக்கு ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, அதுவும் ஒரே ஆளுக்கு! மளிகைச் சீட்டில் சர்க்கரைக்கு எதிரே இந்தக் கணக்கை எழுதி வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். ஸ்பூனை அரை ஸ்பூனாகக் குறைக்க இதுவே போதும், காசும் மிச்சம்.

38. எண்ணெயைச் சட்டியில் ஊற்றும்போது அளப்பது யாருக்கும் கைவராது. மாதத் தொடக்கத்தில் ஆளுக்கு அரை லிட்டர் வீதம் அளந்து ஒரு தூக்குவாளியில் வைத்துவிடுங்கள். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். பொரித்தது, தாளித்தது, பலகாரம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

39. ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாவை யாரால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்! சாப்பிடுங்கள், கணக்கில் மட்டும் சேருங்கள். நாலைந்து சுளை இரண்டு சின்ன இட்லிக்குச் சமம். சாப்பாட்டுக்குப் பிறகு தின்னாமல், நாலு மணிப் பலகாரத்துக்குப் பதிலாகத் தின்றால் கூடுதல் இல்லை. நம்மூர்க் கடலையும் அப்படித்தான். வேகவைத்து ஒரு கைப்பிடி போதும், வயிறும் நிறையும்.

40. மெதுவாக நடந்தால் போதாது, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம் வேண்டும். அப்படி வாரத்துக்கு 150 நிமிடம். நடக்கப் புதுக்கோட்டைப் புதுக்குளக் கரை எட்டாதவர்களுக்கு மொட்டை மாடியே போதும்.

41. 1991-92ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். விவசாயக் கூலி வேலைக்கும் குவாரிக்கும் போனவர்கள்கூட வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிப் பழகினார்கள். அந்தச் சைக்கிள் இன்று பல வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர்தான். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வேலைகளுக்கு மட்டுமாவது அதை எடுங்கள். பெட்ரோல் காசு உண்டியலில் சேரும், நாடா முடிச்சும் உள்பக்கம் நகரும்.

42. பத்து நாளில் பத்து கிலோ என்று வரும் பொடி, டீத்தூள், பெல்ட் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். வேகமாக இறங்குவது பெரும்பாலும் நீரும் தசையும்தான், நிறுத்தியதும் எடை திரும்பி வந்துவிடும். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடியைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது.

43. கணக்குப் போட்டு, இடுப்பும் அளந்து, எண் கூடுதலாக வந்தவர்கள் அதோடு விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டு 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது அடுப்பில் வேலை என்று சொல்லி அனுப்பிவிடாமல், வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் கையையும் நீட்டுங்கள். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.